போட்டோ ஓவியமான கதை: கோவில்பட்டி ஸ்டூடியோ முதல் கம்ப்யூட்டர் வரை

ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதில் காதில் பாம்படம், மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தியோடு ஒரு பாட்டி. அந்தப் படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திறந்து "எண்ணெய் ஓவியம்" என்ற கட்டளையைக் கொடுத்தால், சில வினாடிகளில் பாட்டி ஓவியமாகி விடுவார். கன்னம் வண்ணம் பூசியது போல வழவழவென்று மாறிவிடும். சேலை மடிப்பெல்லாம் தூரிகையால் இழுத்தது போல இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்!

ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு பொருள் காணாமல் போயிருக்கும். மூக்குத்தி.

அது எங்கே போனது? யார் எடுத்தார்கள்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தேடினால், கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முந்தைய ஒரு வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கம் சங்கரன்கோவிலில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், கழுகுமலை தாண்டிப் போனால் வரும் கோவில்பட்டியில் எழுதப்பட்டது.

சுவரில் இருக்கும் இரண்டு படங்கள்

சங்கரன்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளின் முன்னறையில் பெரும்பாலும் இரண்டு விதமான படங்களைப் பார்க்கலாம். ஒன்று, சாமி படம். இன்னொன்று, காலமாகிவிட்ட தாத்தா பாட்டியின் படம். இரண்டுக்கும் ஒரே மாதிரி கண்ணாடிச் சட்டம், ஒரே மாதிரி பொட்டு, மாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு.

இந்த இரண்டு படங்களுக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சாமி படம் கையால் வரைந்தது, ஆனால் முகம் போட்டோ போலத் தத்ரூபமாக இருக்கும். தாத்தா படம் போட்டோ, ஆனால் வரைந்தது போல இருக்கும்! கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கன்னத்துக்கு லேசான சிவப்பு, உதட்டுக்கு வண்ணம், வேட்டிக் கரைக்கு ஒரு பச்சைக் கோடு, பின்னால் இல்லாத ஒரு மலை, ஓடாத ஓர் ஆறு.

சங்கரன்கோவில் என்றாலே ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால் என்று நிற்கும் சங்கரநாராயணர்தான் நினைவுக்கு வருவார். இரண்டையும் ஒரே உருவத்தில் காண கோமதி அம்மன் தவமிருந்த கதையைத்தான் ஊரே ஆடித்தபசாகக் கொண்டாடுகிறது. பாதி போட்டோ, பாதி ஓவியம் என்ற இந்த உருவமும் அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாகத் தெரிந்திருக்காது என்றே தோன்றுகிறது. நம் ஊரில் போட்டோ வந்த காலத்தில் இருந்தே அதன் மேல் தூரிகை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மேகம் வரைந்த கேப்டன்

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பல பெயர்களைத் தாண்டி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது. அதே ஹண்டர் 1856-ல் சென்னை போட்டோகிராபிக் சங்கம் உருவாகவும் காரணமாக இருந்தார். அதாவது தமிழ்நாட்டில் நவீன ஓவியக் கல்விக்கும் போட்டோ கலைக்கும் வித்திட்டவர் ஒரே ஆள்!

அதே 1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் 1858-ல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த படங்கள் இன்றைக்கும் புகழ்பெற்றவை. அந்தப் படங்களில் ஒரு ரகசியம் உண்டு. அன்றைய ரசாயனப் பூச்சுக்கு நீல நிறத்தைக் கண்டால் தாங்காது. வானம் முழுக்க வெளுத்து வெறும் வெள்ளையாகி விடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? மெழுகு பூசிய காகித நெகட்டிவ்வின் மேல் வண்ணம் தொட்டு, தன் கையாலேயே மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைகளையும் திருத்தினார்.

ஆக, தமிழ்நாட்டுக் கோயில்களின் முதல் சிறந்த போட்டோக்களிலேயே ஓவியம் கலந்துதான் இருக்கிறது. "போட்டோ பொய் சொல்லாது" என்று சொல்பவர்கள் அந்த மேகங்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எண்ணெய் ஓவியம் போல ஓர் அச்சு

அடுத்த திருப்பம் ராஜா ரவிவர்மா (1848-1906). எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்த அவர் போட்டோக்களைப் பார்த்தும் வரைந்தார். 1894-ல் மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். அதில் வந்தவைதான் "ஓலியோகிராப்" எனப்படும் படங்கள்.

ஓலியோகிராப் என்பதே எண்ணெய் ஓவியம் போலத் தோற்றம் தரும் அச்சுதான். ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதில் எங்கெங்கே மஞ்சள், எங்கெங்கே சிவப்பு, எங்கெங்கே நீலம் என்று அச்சகக் கலைஞர்கள் கண்ணாலேயே பிரிப்பார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒன்றன் மேல் ஒன்றாகப் பல முறை அச்சடித்து, கடைசியில் வார்னிஷ் பூசுவார்கள். சில சமயம் கேன்வாஸ் துணியின் இழை போன்ற வரிகளையும் காகிதத்தில் அழுத்திப் பதிப்பார்கள். தொட்டுப் பார்த்தால் நிஜ எண்ணெய் ஓவியம் போலவே இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் ஓர் அல்காரிதம்தான். படத்தைப் பகுதிகளாகப் பிரி, வண்ணங்களின் எண்ணிக்கையைக் குறை, கேன்வாஸ் வரிகளைச் சேர் என்று வரிசையான கட்டளைகள். வித்தியாசம் ஒன்றுதான். கட்டளையை நிறைவேற்றியது சிப் அல்ல, மனிதக் கண்.

கோவில்பட்டியில் கலைந்த நாடகக் கம்பெனி

இப்போது நம் ஊர்ப் பக்கம் வரலாம். சி. கொண்டையராஜு 1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். ஹண்டர் தொடங்கிய அதே சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். சிறிது காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்கு சீன் வரைபவராக ஊர் ஊராகச் சுற்றினார். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று மேடைக்குப் பின்னால் தொங்கும் பெரிய படுதாக்களை வரையும் வேலை.

1942-ல் அவர் இருந்த நாடகக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோனது. சினிமா வளர, நாடகம் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. வேலை போன அந்த ஓவியர் அதே ஊரிலேயே தங்கிவிட்டார். 1944-ல் அங்கே தேவி ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கப்பட்டது. டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் என்று ஒரு சீடர் கூட்டமே அவரைச் சுற்றி உருவானது.

பக்கத்திலேயே சிவகாசி. 1920-களில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய அந்த ஊர், தீப்பெட்டி லேபிள்களுக்காக அச்சுத் தொழிலிலும் இறங்கி, பிறகு காலண்டர்களின் தலைநகரமாகவே மாறியது. காலண்டருக்குப் படம் வேண்டும். படம் வரைய கோவில்பட்டி இருந்தது. அப்படித்தான் கொண்டையராஜுவின் மீனாட்சியும் முருகனும் லட்சுமியும் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனார்கள். அந்தச் சாமி படங்களின் பின்னால் தெரியும் தூண்களையும், மலைகளையும், ஆறுகளையும் கவனித்தால் பழைய நாடகப் படுதாவின் சாயல் தெரியும். கம்பெனி கலைந்தாலும் படுதா கலையவில்லை!

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான இன்னொரு விஷயமும் உண்டு. கோவில்பட்டியில் ஓவியமும் போட்டோவும் தனித்தனி உலகங்களாக இருக்கவில்லை. சாமி படம் வரைந்த கைகளே மனிதர்களின் போட்டோக்களுக்கும் வண்ணம் தீட்டின. கொண்டையராஜு 1976-ல் காலமானார். அவர் படங்கள் பலவற்றின் கீழே அவர் பெயரோடு சீடரின் பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும். இந்தக் கையெழுத்தைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

டச்சப் என்ற கலை

அந்தக் காலத்து ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எப்படி ஓவியம் ஆனது?

முதலில் நெகட்டிவ். அதை வெளிச்சம் வரும் சாய்வுப் பலகையில் வைத்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள சுருக்கம், அம்மைத் தழும்பு ஆகியவற்றின் மேல் மெல்லிய புள்ளிகளாக வைப்பார்கள். நெகட்டிவ்வில் கறுப்பு வைத்தால் பிரிண்டில் வெளுக்கும். இதுதான் டச்சப்.

பிறகு பெரிய பிரிண்ட், அதாவது என்லார்ஜ்மென்ட். சின்னப் போட்டோவைப் பெரிதாக்கினால் விவரங்கள் மங்கிவிடும். அந்த மங்கலைச் சரிசெய்யத்தான் தூரிகை தேவைப்பட்டது. புருவத்தை ஒவ்வொரு முடியாக இழுப்பார்கள். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். முகத்துக்கும் துணிக்கும் நீர்வண்ணமோ எண்ணெய் வண்ணமோ பஞ்சால் ஒற்றி எடுப்பார்கள். நகைகள் கடைசியில்தான் வரும்.

சில வேலைகள் இன்னும் கடினமானவை. ஒருவர் உயிரோடு இருந்தபோது போட்டோவே எடுக்காமல், இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்திருப்பார்கள். மூடிய கண்களைத் திறந்து வரைய வேண்டும். கணவர் படம் ஓரிடம், மனைவி படம் ஓரிடம் என்று இருப்பதைச் சேர்த்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல மாற்ற வேண்டும்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலையின் நிறம் தெரியாது. இறந்தவரின் கண் எப்படி இருந்தது என்பதும் தெரியாது. எனவே ஓவியர் கேட்டாக வேண்டும். "அம்மாவுக்கு என்ன கலர் சேலை போடலாம்? மூக்குத்தி வலது பக்கமா, இடது பக்கமா? கல்லு வெள்ளையா, சிவப்பா?" வந்தவர்கள் யோசித்து, சில சமயம் தங்களுக்குள் சண்டை போட்டு, சில சமயம் அழுது, பதில் சொல்வார்கள். அந்தப் பதில்தான் வண்ணமாகப் படத்தில் ஏறும்.

இந்த ஓவியர்கள் உண்மையை அப்படியே வரைந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கறுப்பாக இருந்தவர்களை வெளுப்பாக்கினார்கள். இல்லாத சங்கிலியைப் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பொய்களும் வீட்டுக்காரர்கள் கேட்டு, ஒப்புக்கொண்ட பொய்கள்.

கட்டம் போட்டால் கம்ப்யூட்டர்

சினிமா பேனர் வரைந்தவர்களிடம் இன்னொரு முறை இருந்தது. கையடக்க ஸ்டில் போட்டோவின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுவார்கள். பெரிய துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்தில் வரைந்துகொண்டே போனால் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் நாற்பது அடி உயரத்துக்கு எழுந்து நிற்பார்கள்.

கம்ப்யூட்டர் படத்தைப் பார்ப்பதும் இப்படித்தான். டிஜிட்டல் படம் என்பது கட்டம் போட்ட காகிதம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் பிக்சல். கட்டத்துக்குள் படம் இருக்காது, எண்கள் மட்டும் இருக்கும்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை.

ஒரு படத்தை விதிகளாக எழுதிவிட முடியுமா என்று நம் ஊரிலும் யோசித்திருக்கிறார்கள். 1974-ல் சென்னையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் வாசலில் போடும் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். புள்ளியும் கம்பியும் சேரும் முறைக்கு விதி இருந்தால், அதைக் கம்ப்யூட்டரும் போடும். கோலத்துக்கு விதி உண்டு, சரி. தூரிகைக்கு?

தேர்தல் நடத்தும் கம்ப்யூட்டர்

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 1988-ல் டிஜிட்டல் இருட்டறை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். போட்டோவை எண்களாகக் கருதிச் சின்னச் சின்ன நிரல்களால் மாற்றும் வித்தைகள் அதில் இருந்தன. எண்ணெய் ஓவியம் போல ஆக்கும் வித்தையும் அதில் ஒன்று. இலவச மென்பொருளான கிம்ப்பில் இருக்கும் எண்ணெய் ஓவிய ஃபில்டரும் இதே வகைதான். அதன் அடிப்படை மிக எளிமையானது. ஒரு தேர்தல்!

ஒரு பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி 7-க்கு 7 என்று ஒரு சதுரம். மொத்தம் 49 பிக்சல்கள், அதாவது 49 வாக்காளர்கள். இவர்களை வெளிச்சத்தின் அளவை வைத்துச் சில கட்சிகளாகப் பிரிக்க வேண்டும்: இருட்டு, சுமார், வெளிச்சம், மிக வெளிச்சம் என்பது போல. எந்தக் கட்சிக்கு அதிக வாக்கோ, அந்தக் கட்சியின் சராசரி நிறத்தை நடுவில் இருக்கும் பிக்சலுக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அடுத்த பிக்சல், அதற்கு ஒரு தேர்தல். படம் முழுக்க இலட்சக்கணக்கான தேர்தல்கள்.

இதனால் என்ன ஆகும்? பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பிக்சல்களுக்கு வாக்காளர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். எனவே முடிவும் ஒன்றாகவே வரும். அதனால் ஒரே நிறத்தில் திட்டுத் திட்டாக, தட்டையான தூரிகையால் ஒற்றியது போல வண்ணம் பரவும். கண் ஏமாந்து "அட, ஓவியம்!" என்று சொல்லும்.

இப்போது பாட்டியின் மூக்குத்திக்கு வருவோம். சின்னப் போட்டோவைக் குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்ததால் மூக்குத்தி 2-க்கு 2, அதாவது 4 பிக்சல்தான். சுற்றியுள்ள 49-ல் மூக்கும் கன்னமும் 40, நிழல் 5, மூக்குத்தி 4. தேர்தல் முடிவு தெரிந்ததுதான். கன்னம் அமோக வெற்றி, மூக்குத்தி டெபாசிட் காலி! மூக்குத்தியின் நான்கு பிக்சலில் எதை நடுவில் வைத்து எண்ணினாலும் அதற்குக் கிடைப்பது அதே 4 வாக்குதான். ஆக ஒரு பிக்சல்கூடத் தப்பாது.

மூக்குத்தியை யாரும் திருடவில்லை. பெரும்பான்மை விழுங்கிவிட்டது. போட்டோவில் விழுந்த ஒரு தூசியும் பாட்டியின் மூக்குத்தியும் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான். கோவில்பட்டி ஓவியர் கடைசியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்த அந்த ஒரு வெள்ளைப் புள்ளி, ஃபில்டரின் பார்வையில் வெறும் பிழை.

தூரிகையைக் கற்றுக்கொண்ட நிரல்கள்

ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அதில் ஒன்று எதிர்பாராத இடத்தில் முன்பே தயாராக இருந்தது. 1976-ல் ஜப்பானைச் சேர்ந்த குவஹாரா குழுவினர் இதயத்தின் மருத்துவப் படங்களில் உள்ள இரைச்சலை நீக்க ஒரு முறையைச் சொன்னார்கள். நாற்சந்தியில் நிற்கும் ஒருவர் நான்கு பக்கமும் பார்த்து, எந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது போல, ஒவ்வொரு பிக்சலும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு பகுதிகளில் எதில் நிற மாறுபாடு குறைவோ அதன் சராசரியை எடுத்துக்கொள்ளும். இதனால் ஓரங்கள் கலையாது. இதயத்தைப் பார்க்கச் செய்த இந்த ஃபில்டர் படங்களை ஓவியம் போலவும் ஆக்குகிறது என்பதால் பின்னாளில் அந்த வேலைக்கும் பயன்பட்டது. கொண்டையராஜு காலமான அதே ஆண்டில் இது வந்தது என்பது வெறும் தற்செயல்தான்.

1990-ல் இரண்டு சம்பவங்கள். பிப்ரவரியில் போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தது. அதே ஆண்டில் பால் ஹேபர்லி என்பவர் புதுவிதமான நிரல் ஒன்றைக் காட்டினார். திரையில் வெற்றுத் துணி. அடியில் கண்ணுக்குத் தெரியாமல் போட்டோ. மவுஸை எங்கே நகர்த்துகிறோமோ, அங்கே உள்ள நிறத்தைப் போட்டோவில் இருந்து எடுத்துத் தூரிகைத் தடமாக அது போடும். எங்கே சின்னத் தடம், எங்கே பெரிய தடம் என்பதை மனிதர் முடிவு செய்யலாம். கையும் கம்ப்யூட்டரும் பாதிப் பாதி. சங்கரநாராயணர் மாதிரி!

1998-ல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் அந்தக் கையையும் எடுத்துவிட்டார். அவருடைய நிரல் முதலில் பெரிய தூரிகையால் படம் முழுக்க மேலோட்டமாகப் பூசும். பிறகு தான் வரைந்ததை போட்டோவோடு ஒப்பிடும். எங்கே வித்தியாசம் அதிகமோ அங்கே மட்டும் பாதி அளவுத் தூரிகையால் மறுபடி பூசும். பிறகு இன்னும் சின்னத் தூரிகை. தடங்களும் நேர்க்கோடாக இல்லாமல், கன்னத்தின் வளைவு, சேலையின் மடிப்பு என்று உருவத்தோடு வளையும். பெரிய பூச்சு முதலில், நுணுக்கம் கடைசியில் என்ற இந்த வரிசை ஓவியர்கள் காலங்காலமாகச் செய்ததேதான். இந்த முறையில் தூரிகை போதுமான அளவு சின்னதாக இருந்தால் மூக்குத்தி பிழைக்கும். ஆனால் கன்னத்தில் உள்ள தூசியும் கூடவே பிழைக்கும். எது மூக்குத்தி, எது தூசி என்பது இந்த நிரலுக்கும் தெரியாது.

அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் வேறொரு மாற்றம் நடந்தது. 2000-களில் ஃப்ளெக்ஸ் பேனர் பரவலானது. கட்டம் போட்டு நாட்கணக்கில் வரைந்த பேனர்கள், மணிக்கணக்கில் இயந்திரத்தில் இருந்து சுருள் சுருளாக வந்தன. பேனர் ஓவியர்களும் போர்டு எழுதியவர்களும் வேலை இழந்தார்கள். ஸ்டூடியோக்களில் பென்சிலும் பஞ்சும் இருந்த இடத்துக்கு கம்ப்யூட்டர் வந்தது. 1942-ல் சினிமாவால் வேலை இழந்த நாடக ஓவியருக்குக் காலண்டர் என்று ஒரு கதவு திறந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு கதவு திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூக்குத்தி திரும்பி வந்தது, ஆனால்...

2015-ல் ஜெர்மனியின் டூபிங்கனில் கேட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருட்களை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற செயற்கை நரம்பு வலைப்பின்னல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மூலம் ஒரு படத்தில் "என்ன இருக்கிறது" என்பதையும் "எப்படி வரையப்பட்டிருக்கிறது" என்பதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். தங்கள் ஊர் ஆற்றங்கரை வீடுகளின் போட்டோவை வான்கோவின் விண்மீன் இரவு பாணிக்கு மாற்றிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 2016-ல் பிரிஸ்மா என்ற செல்போன் செயலி வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த வித்தை எல்லோர் பாக்கெட்டுக்கும் வந்துவிட்டது.

2022-க்குப் பிறகு நிலைமை இன்னும் மாறியது. 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் தொகுப்புகளில் இருந்து கற்றுக்கொண்ட செயற்கை நுண்ணறிவு, இருக்கும் படத்தின் மேல் பூசுவதை விட்டுவிட்டு, படத்தையே புதிதாக வரையத் தொடங்கியது. 2025 மார்ச்சில் உலகமே தன் குடும்பப் போட்டோக்களை ஜப்பானின் கிப்லி கார்ட்டூன் பாணிக்கு மாற்றி விளையாடியது நினைவிருக்கும்.

இந்தப் புதிய இயந்திரத்திடம் பாட்டியின் போட்டோவைக் கொடுத்தால் என்ன ஆகும்? மூக்குத்தி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஏனென்றால் இதற்கு மூக்குத்தி என்றால் என்னவென்று தெரியும். ஆனால் அது அந்தப் பாட்டியின் மூக்குத்திதானா என்பதுதான் கேள்வி. ஒற்றைக்கல் ஏழுகல் ஆகலாம். பாம்படம் இயந்திரம் அதிகம் பார்த்த வேறு ஏதோ காதணியாக மாறலாம். முகம்கூடக் கொஞ்சம் வேறு யாரோ போல ஆகலாம். பழைய ஃபில்டர் இருந்ததை அழித்தது. புதிய இயந்திரம் இல்லாததைச் சேர்க்கிறது. இரண்டில் எது ஆபத்து? அழிந்த இடம் வெறுமையாகத் தெரியும். சேர்த்த இடம் உண்மை போலவே தெரியும். இரண்டு தலைமுறை கழித்துப் பார்க்கும் பேரப் பிள்ளைக்கு வித்தியாசம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

கையெழுத்து விஷயமும் இங்கேதான் வருகிறது. கொண்டையராஜுவின் படத்தில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் இருந்தன. யார் வரைந்தது, யாரிடம் கற்றது என்று இரண்டும் தெரிந்தது. இயந்திரம் வரையும் படத்துக்குக் கீழே யார் பெயரைப் போடுவது? அது எத்தனை ஓவியர்களிடம் கற்றது என்பது அவர்களுக்கே தெரியாது.

கேட்கத் தெரிந்தவர்கள்

ஸ்டூடியோ ஓவியரும் கம்ப்யூட்டரும் செய்த வேலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒன்றுதான். வண்ணத்தைக் குறைத்தல், ஓரத்தைக் காத்தல், பெரிய பூச்சு, சின்னப் பூச்சு, இல்லாத பின்னணி, திறக்கப்பட்ட கண்கள். எல்லாவற்றையும் இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது, அதுவும் மிக வேகமாக. கற்றுக்கொள்ளாமல் விட்டது ஒன்றுதான். வரைவதற்கு முன்னால் "அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?" என்று வந்தவர்களிடம் கேட்ட அந்தக் கேள்வி.

அதனால் ஃபில்டர்களையே தொடக்கூடாது என்று அர்த்தமில்லை. டிரைப்பின் மேகங்களும் அழகுதான், ஓலியோகிராப்பும் அழகுதான். ஆனால் வீட்டில் உள்ள பழைய போட்டோவை ஓவியமாக்க ஆசைப்படுபவர்கள் அதற்கு முன்னால் மூன்று வேலைகளைச் செய்யலாம். முதலில், மூலப் படத்தை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, எதுவும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதி வைக்கலாம். மூன்றாவது, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்கலாம். சேலை என்ன நிறம், மூக்குத்தி யார் வாங்கிக் கொடுத்தது, பாம்படம் பிறகு என்ன ஆனது என்று.

முதல் இரண்டு வேலைகளை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவதற்குத்தான் காலக்கெடு உண்டு. பதில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.